ஈசிஜி நார்மல், ஆனா படபடப்பு நிக்கல: ஆங்சைட்டி ஏன் வருது, ஏன் போக மாட்டேங்குது

ராத்திரி பதினோரு மணிக்கு மேல எந்த ஊர் கேஷுவாலிட்டில போய் உக்காந்தாலும் இப்படி ஒரு ஆளை பாக்கலாம். வயசு இருபத்தஞ்சுல இருந்து நாப்பதுக்குள்ள, நெஞ்சை புடிச்சுக்கிட்டு வருவாரு, கூட வந்த மனைவியோ அண்ணனோ வெளிறிப்போய் நிப்பாங்க. ஈசிஜி எடுப்பாங்க, நார்மல். இதய தசை அடிபட்டா ரத்தத்துல ஏறற ட்ரோபோனினை பாப்பாங்க, நெகட்டிவ். டியூட்டி டாக்டர் "ஒண்ணும் இல்லப்பா, கேஸா இருக்கும், டென்ஷனை கொறைச்சுக்கோ"ன்னு ஒரு ஊசியை போட்டு அனுப்பிடுவாரு. வீட்டுக்கு போற வழியில பாதி நிம்மதி பாதி சந்தேகம். அடுத்த வாரம் மறுபடி அதே மாதிரி வரும், இந்த தடவை வேற ஆஸ்பத்திரி, எக்கோ, அப்புறம் ட்ரெட்மில்ல நடக்க வெச்சு இதயத்தை பாக்கற டிஎம்டி, அப்புறம் எண்டோஸ்கோபி. ஃபைல் தடிச்சுக்கிட்டே போகும், ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்கும், ஆள் மட்டும் நல்லா இருக்க மாட்டாரு.

அந்த "ஒண்ணும் இல்ல" பாதிதான் உண்மை. இதயத்துல ஒண்ணும் இல்ல, சரி. ஆனா அவருக்கு வந்தது கற்பனை கிடையாது, நாடி நெஜமாவே எகிறுச்சு, கை நெஜமாவே மரத்துச்சு, சட்டை நெஜமாவே நனைஞ்சுது. அதுக்கு பேரு பானிக் அட்டாக், ஆங்சைட்டிங்கற அதீத பதட்டத்தோட ரொம்ப உக்கிரமான முகம். இதை அவரை உக்கார வெச்சு யாரும் சொல்லலைங்கறதுதான் பிரச்சனையே. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 2019ல உலகம் பூரா 30 கோடி பேருக்கு மேல ஆங்சைட்டி நோய் இருந்துச்சு, மனநல பிரச்சனைகள்லயே இதுதான் முதலிடம், டிப்ரஷனை விடவும் அதிகம். நாலுல ஒருத்தருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சையாவது கெடைக்குது. மீதி மூணு பேரும் வீட்ல சும்மா இருக்காங்கன்னு நெனைச்சுடாதீங்க, நம்ம ஊர்ல அவங்கள்ல பாதி பேர் கேஸ் டாக்டர், ஹார்ட் டாக்டர், நரம்பு டாக்டர், கடைசியில மந்திரிக்கிறவர்னு சுத்திக்கிட்டு இருக்காங்கங்கறது என்னோட அபிப்ராயம்.

மொதல்ல ஒடம்புல என்ன நடக்குதுன்னு பாத்துருவோம். தெருநாய் தொரத்துதுன்னு வைங்க. யோசிக்கறதுக்கு முன்னாடியே மூளைக்குள்ள இருக்கற அமிக்டலான்னு ஒரு சின்ன பகுதி ஆபத்துன்னு சிக்னல் குடுத்துரும், சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கற சுரப்பியில இருந்து அட்ரினலின் எறங்கும், இதயம் வேகமா அடிக்கும், மூச்சு வேகமாகும், தொடைக்கும் கைக்கும் ரத்தம் பாயும், ஓடும்போது சாப்பாடு செரிச்சு என்ன ஆகப்போவுதுன்னு வயித்து வேலை நிக்கும், அதனாலதான் பயத்துல வயிறு கலக்கறதும் வாய் வறண்டு போறதும். வால்டர் கேனன்ங்கற ஹார்வர்டு உடலியல் ஆராய்ச்சியாளர் 1915லயே இதை எழுதி வெச்சுட்டாரு, சண்டை போடு இல்லன்னா ஓடு, ரெண்டுல ஒண்ணுக்கு ஒடம்பு தயாராகுது. நாய் வந்தப்ப இது உயிரை காப்பாத்தற விஷயம். சிக்கல் என்னன்னா மேனேஜர் "ஒரு நிமிஷம் கேபினுக்கு வாங்க"ன்னு மெசேஜ் போட்டாலும், ஈஎம்ஐ பவுன்ஸ் ஆயிடுச்சுன்னு எஸ்எம்எஸ் வந்தாலும் அதே அட்ரினலின்தான் எறங்குது, ஓடவும் முடியாது அடிக்கவும் முடியாது, நாற்காலியில உக்காந்தபடியே அவ்ளோத்தையும் தாங்கணும்.

இதுல மூச்சு சமாச்சாரத்தை கொஞ்சம் கிட்டத்துல பாக்கணும், ஏன்னா பானிக்ல வர்ற பயங்கரமான அறிகுறிகள்ல பாதி இதுலதான் வருது. "மூச்சு பத்தலை, ஆக்ஸிஜன் கொறையுது"ன்னுதான் எல்லாரும் நெனைப்பாங்க. நடக்கறது தலைகீழ். ஆரோக்கியமான ஆளுக்கு ரத்தத்துல ஆக்ஸிஜன் ஏற்கனவே 97, 98 சதவீதம் இருக்கு, அதுக்கு மேல பெருசா ஏத்த எடம் இல்ல. வேகவேகமா மூச்சு விடும்போது வெளிய போறது கார்பன் டை ஆக்ஸைடு. அது அளவுக்கு மேல கொறைஞ்சா ரத்தத்தோட காரத்தன்மை ஏறும், மூளைக்கு போற ரத்தக்குழாய்கள் சுருங்கும், அப்ப தலை கிறுகிறுக்கும், சுத்தி இருக்கறதெல்லாம் நெஜம் இல்லாத மாதிரி கனவு மாதிரி தோணும். ரத்தத்துல தனியா சுத்தற கால்சியம் அளவும் கொறையும், அதுலதான் விரல் நுனியிலயும் உதட்டை சுத்தியும் சுருக் சுருக்குன்னு குத்தறது, சிலருக்கு விரல் கோணிக்கறது கூட. இதையெல்லாம் பாத்து அந்த ஆள் "ஸ்ட்ரோக் வருது"ன்னு முடிவு பண்ணி இன்னும் வேகமா மூச்சை இழுப்பாரு, இன்னும் அதிகமாகும்.

இங்கதான் விஷயமே இருக்கு. டேவிட் கிளார்க்ங்கற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986ல இதை தெளிவா சொன்னாரு: படபடப்பு பானிக் கிடையாது, அந்த படபடப்புக்கு நாம குடுக்கற அர்த்தம்தான் அதை பானிக் ஆக்குது. மாடி ஏறும்போதும் நெஞ்சு அடிக்குது, யாரும் பயப்படறதில்ல. சோபால சும்மா உக்காந்திருக்கும்போது அதே வேகத்துல அடிச்சா "ஹார்ட் அட்டாக்"னு ஒரு எண்ணம் வரும், அந்த எண்ணத்துக்கு அட்ரினலின் சுரக்கும், அட்ரினலினுக்கு நெஞ்சு இன்னும் அடிக்கும், பாத்தியா நெஜமாவே ஏறுதுன்னு பயம் உறுதியாகும். ரெண்டு மூணு சுத்து சுத்தினா போதும். பொதுவா பத்து நிமிஷத்துக்குள்ள உச்சிக்கு போய் அப்புறம் தானா எறங்க ஆரம்பிச்சுரும், ஆனா அந்த பத்து நிமிஷம் அனுபவிச்சவங்களுக்கு அது ஒரு யுகம்.

"இதெல்லாம் இந்த காலத்து பசங்களுக்கு வர்ற வியாதி, எங்க காலத்துல ஏது"ன்னு பெரியவங்க சொல்வாங்க. இருந்துச்சு, பேருதான் வேற. அமெரிக்க உள்நாட்டு போர்ல இருந்த சிப்பாய்களுக்கு நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சு முட்டறது எல்லாம் வந்து, இதயத்தை சோதிச்சா ஒரு கோளாறும் இல்லாம இருந்ததை ஜேக்கப் டா கோஸ்டாங்கற டாக்டர் 1871ல கட்டுரையாவே எழுதியிருக்காரு. நம்ம பக்கத்துல இதுக்கு வாயு புடிப்பு, நெஞ்சடைப்பு, நரம்பு தளர்ச்சி, காத்து கருப்புன்னு எத்தனை பேரு. பானிக் டிசார்டர், எப்பவும் எதையாவது நெனைச்சு கவலைப்பட்டுக்கிட்டே இருக்கற பொதுவான ஆங்சைட்டி டிசார்டர், ரெண்டையும் தனித்தனியா பிரிச்சு பேர் வெச்சதே அமெரிக்க மனநல சங்கத்தோட 1980 கையேட்டுலதான்.

அப்ப இது ஏன் சிலருக்கு வருது, பக்கத்துல அதே கஷ்டத்துல இருக்கற இன்னொருத்தருக்கு வரலை? ஒரே காரணத்தை தேடினா கெடைக்காது. பரம்பரைக்கு பங்கு இருக்கு, இரட்டையர்களை வெச்சு பண்ணின ஆய்வுகள்ல சுமார் 30ல இருந்து 40 சதவீதம் வரைக்கும் மரபணு பங்குன்னு வந்திருக்கு, அதாவது அம்மாவுக்கு இருந்தா புள்ளைக்கு கண்டிப்பா வரும்னு அர்த்தம் இல்ல, சட்டுனு திடுக்கிடற ஒரு சுபாவம் கூடவே வரலாம். அதுக்கு மேல வளர்ப்பு. "வெளிய போகாத, அது நடந்துரும் இது நடந்துரும்"னு எந்நேரமும் எச்சரிச்சு வளத்த வீடு, இல்லன்னா அப்பா எப்ப குடிச்சுட்டு வருவாரு எப்ப அடிப்பாருன்னு கதவு சத்தத்தையே கவனிச்சு வளந்த வீடு, ரெண்டுமே ஒரு கொழந்தைக்கு ஒரே பாடத்தைத்தான் சொல்லிக்குடுக்குது, ஒலகம் ஆபத்து, சும்மா இருக்காதேன்னு. பொம்பளைங்களுக்கு ஆம்பளைங்களை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு அதிகமா வருது, அதுக்கு ஹார்மோனை மட்டும் காரணம் சொல்லிட்டு போறவங்க நம்ம வீட்டு சமையக்கட்டுல யாரு எத்தனை பேரோட கவலையை சொமக்கறாங்கன்னு ஒரு நாள் எட்டி பாக்கலாம்.

ஒடம்பும் காரணமா இருக்கும், இதை விட்டுட்டு நேரா மனசுக்கு போறது தப்பு. தைராய்டு அதிகமா சுரந்தா படபடப்பு, கை நடுக்கம், வேர்வை, எடை குறையறதுன்னு அச்சு அசலா ஆங்சைட்டி மாதிரியே இருக்கும். ரத்த சோகையில நாலு படி ஏறினாலே நெஞ்சு அடிக்கும். ஆஸ்துமாவுக்கு அடிக்கற சால்பூட்டமால் இன்ஹேலர், மூக்கடைப்புக்கு போடற சில மாத்திரைகள் இதயத்தை வேகப்படுத்தும். ஒரு நாளைக்கு ஆறு டீ, நடுவுல ரெண்டு ஃபில்டர் காபி, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன், இதை வெச்சுக்கிட்டு "காரணமே இல்லாம படபடக்குது"ன்னு சொன்னா எப்படி. சரக்கு இன்னும் மோசம், ராத்திரி ரெண்டு பெக்ல எல்லாம் அடங்கின மாதிரி இருக்கும், போதை எறங்கற நேரம் நரம்பு மண்டலம் எதிர்ப்பக்கம் துள்ளும், விடியகாலை நாலு மணிக்கு நெஞ்சு அடிச்சு முழிப்பு வரும், அதை அடக்க மறுநாளும் ரெண்டு பெக். அதனால தைராய்டு, ஹீமோகுளோபின், சுகர் ஒரு தடவை பாத்துடறது நல்லது. நெஞ்சு வலி வாழ்க்கையில மொத தடவை வருதுன்னா, இல்ல நடந்தா வந்து நின்னா கொறையுதுன்னா, தாடைக்கோ கைக்கோ பரவுதுன்னா, சுகர் பிபி இருக்கற ஆள்னா, யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு போயிடணும், வீட்ல உக்காந்து இது பானிக்தான்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. நான் சொல்றது எல்லாம் பாத்து முடிச்சு, நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னப்புறமும் பத்தாவது ஈசிஜிக்கு போறவங்களை பத்தி.

அப்புறம் செய்தி. கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்னிக்கு திடீர்னு இறந்தாரு, 46 வயசு, ஃபிட்டா இருந்த மனுஷன். அடுத்த சில நாள்ல பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனையில கூட்டம் அலைமோதுச்சு, நெறைய பேர் இளைஞர்கள், ஒருத்தரோட இதயமும் ஒரே ராத்திரியில மாறிடல, மாறினது மனசுல ஓடற படம். நம்ம ஊர்ல அதே வருஷம் ஏப்ரல்ல நடிகர் விவேக் கொரோனா ஊசி போட்ட மறுநாள் மாரடைப்பு வந்து அதுக்கு அடுத்த நாள் இறந்தப்ப என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கும், ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு நிபுணர் குழு பின்னாடி சொல்லிச்சு, அதுக்குள்ள பயம் தெருத்தெருவா போயிருச்சு. எது சட்டுனு ஞாபகத்துக்கு வருதோ அதுதான் அடிக்கடி நடக்குதுன்னு மூளை கணக்கு போடும். ஜிம்ல சுருண்டு விழுந்தவரோட சிசிடிவி வீடியோ ஒண்ணை நீங்க முழுசா பாத்தா போன் அதே மாதிரி பத்தை கொண்டாந்து போடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், இப்ப அந்த பேயை யாரோ லைன்ல நிக்க வெச்சு ஒவ்வொண்ணா அனுப்பறாங்க.

இவ்ளோ காரணம் சொல்லிட்டேன், ஆனா நான் சொல்ல வந்தது இது இல்ல. ஏன் வந்துச்சுங்கறது ஒரு கேள்வி, ஏன் போக மாட்டேங்குதுங்கறது வேற கேள்வி. வந்ததுக்கு அப்பாவோ மரபணுவோ கொரோனாவோ காரணமா இருக்கலாம், அதை இப்ப மாத்த முடியாது. போகாம இருக்கறதுக்கு காரணம் பெரும்பாலும் அதை போக்கறதுக்குன்னு நாம தெனமும் பண்ற காரியங்கள்தான். கேக்க கசப்பா இருக்கும், ஆனா நல்ல சேதி, ஏன்னா இது நம்ம கையில இருக்கு.

ஒரு ஆளை எடுத்துக்குவோம், தாம்பரத்துல வீடு, நுங்கம்பாக்கத்துல ஆபீஸ், மின்சார ரயில்ல போய் வர்றவரு. ஒரு நாள் காலையில கிண்டி தாண்டி கூட்டத்துல நசுங்கி நிக்கும்போது பானிக் வருது, சைதாப்பேட்டையில தள்ளிக்கிட்டு எறங்கிடறாரு. பிளாட்ஃபார்ம்ல பெஞ்சுல உக்காந்த அஞ்சு நிமிஷத்துல சரியாயிடுது. மூளை இதுல என்ன கத்துக்கிச்சு? ரயில் ஆபத்து, எறங்கினதால பொழைச்சோம். எறங்காம இருந்தாலும் அது தானா அடங்கியிருக்கும்ங்கறது அதுக்கு தெரிய வாய்ப்பே கெடைக்கல. மறுநாள் ரயிலை விட்டு பஸ், அப்புறம் பஸ்லயும் ஒரு தடவை வருது, பைக், பைக்ல போகும்போது மேம்பாலத்துல வருது, மேம்பாலம் இல்லாத ரூட்டு, கடைசியில ஒர்க் ஃப்ரம் ஹோம் கேட்டு மெயில் போடறாரு. மவ்ரர்ங்கற உளவியலாளர் 1947லயே சொன்னதுதான் இது, பயம் ஒரு தடவை ஒட்டிக்கும், தவிர்க்கத் தவிர்க்க வர்ற நிம்மதி அதை கெட்டிப்படுத்தும். சொறிஞ்சா அரிப்புக்கு சுகமா இருக்கும்ல, அந்த சுகம்தான் புண்ணாக்குது, அதே கதை.

முழுசா தவிர்க்காதவங்க கூட நைசா சில ஏற்பாடு வெச்சிருப்பாங்க. கதவு பக்கத்துலதான் நிக்கறது, பையில தண்ணி பாட்டில் இல்லாம வெளிய எறங்கறதில்ல, பர்ஸ்ல ஒரு மாத்திரை இருக்கணும், எடுக்க மாட்டாரு ஆனா இருக்கணும், கல்யாண மண்டபத்துல கடைசி வரிசை நாற்காலி, வழியில எங்கெங்க ஆஸ்பத்திரி இருக்குன்னு மனசுக்குள்ள ஒரு மேப். இது எல்லாமே "நான் இன்னிக்கு தப்பிச்சது பாட்டிலாலதான்"னு மூளையை நம்ப வைக்கும். நிமிஷத்துக்கு ஒரு தடவை கழுத்துல நாடி பாக்கறது, பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ஸ்மார்ட் வாட்ச்ல ஹார்ட் ரேட், ராத்திரி ஒரு மணிக்கு கூகுள், "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல"ன்னு மனைவிகிட்ட தெனமும் கேக்கறது, இதுவும் அதே கணக்குதான். பதில் கெடைச்ச அரை மணி நேரம் நிம்மதி, அப்புறம் இன்னொரு கேள்வி.

"அதை பத்தி நெனைக்காத, மைண்டை டைவர்ட் பண்ணு"ன்னு எல்லாரும் சொல்ற அட்வைஸ் ஏன் வேலை செய்யறதில்லன்னா, 1987ல டேனியல் வெக்னர்ங்கற அமெரிக்க உளவியலாளர் ஒரு எளிமையான சோதனை பண்ணினாரு. வெள்ளை கரடியை மட்டும் நெனைக்காதீங்கன்னு மாணவர்கள்கிட்ட சொன்னாரு, நெனைப்பு வந்தா மணியடிக்கணும். மணி அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. அதை விட முக்கியம், அப்புறமா இப்ப நெனைச்சுக்கலாம்னு சொன்னப்ப, மொதல்ல அடக்கி வெச்சவங்களுக்குத்தான் கரடி அதிகமா வந்துச்சு.

சரி, அப்ப என்னதான் பண்றது. தாம்பரத்து ஆளையே வெச்சு சொல்றேன். ஜோசப் வோல்பேங்கற தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் 1950கள்ல ஒழுங்குபடுத்தின விஷயம்தான் இன்னிக்கும் அடிப்படை, பயத்தை படி படியா பிரிச்சு, கம்மியானதுல இருந்து ஏறணும். மொத ரெண்டு நாள் மதியானம் கூட்டம் இல்லாத நேரம் தாம்பரம் ஸ்டேஷனுக்கு போய் பிளாட்ஃபார்ம்ல சும்மா உக்காந்து நாலு ரயிலை போக விடறது. அப்புறம் ஒரே ஒரு ஸ்டேஷன், தாம்பரம் டு சானடோரியம், எறங்கி திரும்பி வர்றது. அது சலிச்சுப்போச்சுன்னா பல்லாவரம் வரைக்கும். சலிக்கணும், அதுதான் அளவுகோல். அப்புறம் கிண்டி, அப்புறம் சைதாப்பேட்டையில எறங்காம மாம்பலம் வரைக்கும், அப்புறம் அதே தூரம் காலை ஒம்பது மணி கூட்டத்துல, அப்புறம் பாட்டில் இல்லாம, அப்புறம் பர்ஸ்ல மாத்திரை இல்லாம, கடைசியில கதவுல இருந்து தள்ளி நடுவுல நின்னு. நடுவுல படபடப்பு வரும், கண்டிப்பா வரும், வரணும், வந்தப்ப எறங்காம இருக்கறதுலதான் வேலையே நடக்குது. "வருது, வரட்டும், எவ்ளோ தூரம் போகுதுன்னு பாப்போம்"னு விட்டுட்டு நின்னா அது ஏறி, நின்னு, எறங்கறதை நீங்களே பாப்பீங்க. படபடப்பு சுத்தமா அடங்கற வரைக்கும் காத்திருக்கணும்னு கூட இல்ல, "நான் பயந்த மாதிரி விழல, சாகல"ங்கற புது பாடம் மூளைக்கு போச்சுன்னா போதும். ஒரு நாள் போய் நாலு நாள் விட்டா வேலைக்கு ஆகாது, தெனமும் செய்யறவங்களுக்குத்தான் வாரக்கணக்குல பலன் தெரியும்.

வெளிய இருக்கற எடத்தை விட ஒடம்புக்குள்ள வர்ற உணர்ச்சிக்குத்தான் பயம் அதிகம்னா அதுக்கும் வழி இருக்கு, சிகிச்சை நிபுணர்கள் அந்த உணர்ச்சியை வேணும்னே வர வைப்பாங்க. ஒரு நிமிஷம் நின்ன எடத்துல ஓட சொல்வாங்க, சுத்தற நாற்காலியில சுத்த விடுவாங்க, கூல்டிரிங்க்ஸ் ஸ்ட்ரா வழியா மட்டும் மூச்சு விட சொல்வாங்க. நெஞ்சு அடிக்கும், தலை சுத்தும், கொஞ்ச நேரத்துல போயிடும். பத்து தடவை பண்ணினா அந்த தலைசுத்தல் வெறும் தலைசுத்தலா மாறிடும். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் இருக்கறவங்களும் கர்ப்பமா இருக்கறவங்களும் டாக்டரை கேக்காம இதை பண்ணக்கூடாது.

மூச்சு பயிற்சிக்கு வர்றேன். மெதுவா மூக்கு வழியா இழுத்து அதை விட மெதுவா விடறது நல்லதுதான், மேல சொன்ன கார்பன் டை ஆக்ஸைடு கணக்கு சரியாகும். ஆனா "மூச்சு பயிற்சி பண்ணலைன்னா செத்துடுவேன்"னு ஆயிடுச்சுன்னா அதுவும் இன்னொரு தண்ணி பாட்டில் ஆயிடும். தெனம் அரை மணி நேரம் வேர்க்க வேர்க்க நடக்கறது எனக்கு தெரிஞ்சு இதை விட நல்லது, நெஞ்சு அடிக்கறது சாதாரணம்னு ஒடம்பே பழகிக்கும்.

பானிக் இல்லாம எந்நேரமும் கவலை ஓடற ஆளுங்களுக்கு பிரச்சனை வேற மாதிரி இருக்கும். புள்ளை வர பத்து நிமிஷம் லேட்டானா ஆக்ஸிடென்ட், ஃபைனல் செட்டில்மென்ட் தள்ளிப்போனா தெருவுக்கு வந்துருவோம், அப்பாவுக்கு இருமல்னா கேன்சர். இவங்களால நிச்சயமில்லாம இருக்கறதை தாங்க முடியாது, கெட்டதே நடந்தாலும் பரவால்ல தெரிஞ்சா போதும்னு இருப்பாங்க. இதுக்கு ஒரு வழி, கவலைக்குன்னு ஒரு நேரம் ஒதுக்கறது, சாயங்காலம் ஆறுல இருந்து ஆறரைன்னு வைங்க, பகல்ல வர்ற கவலையை ஒரு துண்டு சீட்டுல எழுதிட்டு "ஆறு மணிக்கு பாக்கலாம்"னு தள்ளி வைக்கணும், அடக்கறது இல்ல, தள்ளி வைக்கறது. ஆறு மணிக்கு அந்த சீட்டை எடுத்து பாத்தா பாதி கவலை காலாவதி ஆயிருக்கும், மீதியில இன்னிக்கே ஏதாவது செய்யக்கூடியது எது, செய்யவே முடியாதது எதுன்னு பிரிக்கலாம். மின்கட்டணம் கட்டணும்ங்கறதுக்கு போனை எடுத்து கட்டிடலாம், மகனுக்கு பத்து வருஷம் கழிச்சு வேலை கெடைக்குமாங்கறதுக்கு இன்னிக்கு பதில் கெடையாது.

ஒரு சின்ன விதிவிலக்கு. பானிக்ல மயங்கி விழுந்துருவோம்னு எல்லாரும் பயப்படுவாங்க, பொதுவா விழ மாட்டாங்க, ஏன்னா பிபி அப்ப ஏறித்தான் இருக்கும். ரத்தம், ஊசி பாத்து பயப்படறவங்க மட்டும் நெஜமாவே விழுவாங்க, அவங்களுக்கு பிபி மொதல்ல ஏறி அப்புறம் படக்குனு எறங்கும். அவங்க ரிலாக்ஸ் பண்ணக்கூடாது, கை கால் தசையை இறுக்கி பிடிச்சு விட்டு மறுபடி இறுக்கணும்.

மாத்திரை பத்தி நம்ம ஊர்ல ரெண்டு கோஷ்டி இருக்கு, தொட்டா பைத்தியம் பட்டம் வந்துரும்னு ஒரு கோஷ்டி, மெடிக்கல்ல தெரிஞ்ச பையன்கிட்ட சொல்லி அல்பிரசோலம் வாங்கி போடற கோஷ்டி. ரெண்டாவதுதான் ஆபத்து. அல்பிரசோலம், க்ளோனாசெபாம் மாதிரி மாத்திரைகள் அரை மணியில அடக்கிடும், அதனாலயே பழகிடும், கொஞ்ச நாள்ல அதே டோஸ் பத்தாது, திடீர்னு நிறுத்தினா தூக்கம் போய் நடுக்கம் வந்து சிலருக்கு வலிப்பே வரலாம். டாக்டர்கள் இப்ப மொதல்ல யோசிக்கறது எஸ்சிடாலோப்ராம், செர்ட்ரலின் வகை மாத்திரைகளை. இதுக்கு பழக்கம் ஆகற ஏக்கம் வராது, ஆனா வேலை செய்ய ரெண்டுல இருந்து ஆறு வாரம் ஆகும், மொத வாரம் வயித்தை பொரட்டும், படபடப்பு கொஞ்சம் கூடக்கூட செய்யும், இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால நாலாவது நாளே தூக்கி போட்டுட்டு "எனக்கு ஒத்துக்கல"ன்னு வந்துடறவங்க ரொம்ப பேரு. நல்லானப்புறமும் ஆறு மாசத்துக்கு மேல தொடர சொல்வாங்க, நிறுத்தும்போது கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சுத்தான் நிறுத்தணும். மேல சொன்ன படி ஏறற முறை, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்தற சிபிடிங்கற பேச்சு சிகிச்சையோட ஒரு பகுதி, அந்த சிகிச்சை மட்டுமே நெறைய பேருக்கு போதும், சிலருக்கு ரெண்டும் சேந்து வேணும்.

காசு இல்லன்னு நிக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்லயும் மாவட்ட தலைமை ஆஸ்பத்திரியிலயும் மனநல ஓபி இருக்கு, மாத்திரை இலவசம். சென்னைன்னா கீழ்ப்பாக்கம் மனநல காப்பகம், 1794ல தொடங்கினது, பேரை கேட்டாலே சினிமா ஞாபகம் வந்து சிரிக்கறவங்க இருக்காங்க, ஆனா அதோட ஓபில வர்றவங்கள்ல தூக்கம் வரலை, படபடப்புன்னு வர்ற சாதாரண ஆளுங்களும் உண்டு. போகவே தயக்கமா இருந்தா 14416, மத்திய அரசு 2022 அக்டோபர் 10ல ஆரம்பிச்ச டெலி மானஸ், எந்நேரமும் இலவசமா தமிழ்லயே பேசலாம். செத்துப்போகலாம்னு எண்ணம் வர ஆரம்பிச்சா இந்த கட்டுரையை எல்லாம் விட்டுட்டு மொதல்ல அங்க கூப்பிடுங்க, பக்கத்துல இருக்கற ஒருத்தர்கிட்டயும் வாய்விட்டு சொல்லிடுங்க. நம்மளுக்கு இருக்கறது சாதாரண டென்ஷனா நோயான்னு சந்தேகம் இருந்தா ஜிஏடி 7னு ஒரு கேள்வித்தாள் இருக்கு, 2006ல வந்தது, ஏழே கேள்வி, போன ரெண்டு வாரத்தை வெச்சு மார்க் போடணும், 21க்கு 10ஓ அதுக்கு மேலயோ வந்தா டாக்டரை பாக்கறது நல்லது.

வீட்ல இருக்கறவங்களுக்கு. "ஒனக்கு என்ன கொறைச்சல்"னு கேக்காதீங்க, அதுக்கு பதில் இருந்தா அவரே சொல்லியிருப்பாரு. அதுக்காக அவர் தவிர்க்கறதுக்கெல்லாம் நீங்களும் தொணை போகாதீங்க, பேங்க்குக்கு அவருக்கு பதிலா நீங்க போறது, அவர் கேக்கற ஒவ்வொரு தடவையும் "ஒண்ணும் ஆகாதுங்க"ன்னு சொல்றது எல்லாம் பாசம்தான், ஆனா அது அவரோட பயத்துக்குத்தான் தீனி. "நேத்தும் இதே கேட்டீங்க, என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா, வாங்க கொஞ்சம் நடந்துட்டு வரலாம்"னு சொல்றது நல்லா இருக்கும். அட்டாக் வந்த நேரத்துல தண்ணி தெளிச்சு, பத்து பேரை கூப்பிட்டு, ஃபேனை போட்டு ரகளை பண்ண வேண்டாம், பக்கத்துல உக்காந்து மெதுவா பேசினா போதும்.

இன்னொண்ணு, சரியானப்புறமும் இது திரும்ப எட்டி பாக்கும். வீட்ல ஒரு சாவு, வேலை மாத்தம், நாலு நாள் தூக்கம் இல்லாத கல்யாண வேலை, ஒரு காய்ச்சல், இதுல ஏதோ ஒண்ணு போதும், ரயில்ல மறுபடி ஒரு நாள் நெஞ்சு அடிக்கும், "போச்சு, எல்லாம் மொதல்ல இருந்து"ன்னு தோணும். மொதல்ல இருந்து இல்ல, அந்த ஏற்பாடுகள்ல ஏதாவது நைசா திரும்ப உள்ள வந்திருக்கான்னு பாருங்க, பாட்டில் பைக்குள்ள வந்துருச்சா, கதவு பக்கம் நிக்க ஆரம்பிச்சாச்சா, ரெண்டு நாள் ரயிலை விட்டுட்டு ஆட்டோல போனீங்களா. அதை எடுத்து வெச்சுட்டு ரெண்டு படி எறங்கி, பல்லாவரத்துல இருந்து திரும்ப ஏற ஆரம்பிக்கலாம். ரெண்டாவது தடவை இது மொத தடவை அளவுக்கு நாள் எடுக்கறதில்ல.